மூன்றில் அடங்காத நான்கு

வாக்மேன் காலத்தவர்கள் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். இயர்போன் ஒயர் பிளக்குக்குப் பக்கத்தில் மடிந்து மடிந்து நைந்துபோயிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலிருந்து திடீரென்று பாடகர் மட்டும் காணாமல் போய்விடுவார். வயலின்கள் இருக்கும், எதிரொலி இருக்கும், கோரஸ் ஓரமாக ஒலிக்கும், எஸ்.பி.பி. இருக்கமாட்டார். ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் திரும்பி வருவார், விட்டால் போய்விடுவார். கேசட் போச்சு என்று அதைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. கேசட்டில் ஒரு குறையும் இல்லை. இடதுக்கும் வலதுக்கும் பொதுவாக ஓடிய ஒற்றை எர்த் கம்பி ஒயருக்குள் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் ஒரு காதின் சுருள் வழியாக மறு காதின் சுருளுக்குள் போய், இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒலிக்கச் செய்கிறது. பாடகரின் குரல் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் வித்தியாசம் பூஜ்யம். பாஸ் கிதாருக்கும் அதே கதி.

ஒவ்வொரு காதுக்கும் போகவும் திரும்பவும் தனித்தனிக் கம்பி வைக்கும் ஹெட்போன் பேலன்ஸ்டு கேபிள் பற்றிய பேச்சு முழுவதும் அந்த ஒற்றைக் கம்பியில்தான் தொடங்குகிறது. ஹெட்போனில் இரண்டு ஒலிப்பான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சுருள், ஒவ்வொரு சுருளுக்கும் இரண்டு நுனிகள். ஆக நான்கு. ஆனால் உலகம் முழுக்கப் புழங்கும் பிளக்கில் தொடுமுனைகள் மூன்றுதான்: நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. சுருளுக்கு எர்த் எது என்று தெரியாது; தன் இரு நுனிகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் என்பதற்கு மட்டுமே அது அசையும். அந்த வகையில் ஒவ்வொரு ஹெட்போனும் பிறவியிலேயே பேலன்ஸ்டுதான். இரண்டு நுனிகளை ஒன்றாக முடிந்துவைத்தது பிளக்.

அப்படி முடிந்துவைத்த கதை சற்று வேடிக்கையானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தேனியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910இல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. அன்று கம்பியில் வந்தது ஒரே ஒலி, எனவே இரண்டு கம்பி போதும். மில்வாக்கியின் ஜான் காஸ் 1958இல் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தபோதுதான் நான்கு நுனிகளும் தனித்தனியாகக் கணக்கில் வந்தன. ஸ்டீரியோ ஹெட்போனுக்கு நிலைத்தது தொலைபேசி இணைப்பகத்தின் 6.35 மில்லிமீட்டர் பிளக். இணைப்பகத்தில் அந்தப் பிளக்கின் நுனியும் வளையமும் ஒரே தொலைபேசி லைனின் இரண்டு கம்பிகள். அடிப்பகுதி தனி வேலைக்கு. அதாவது மூன்று தொடுமுனைப் பிளக் முதலில் பார்த்த வேலையே பேலன்ஸ்டு வேலை. ஸ்டீரியோ வந்ததும் அதே மூன்று முனைகளில் இரண்டு ஒலிகளைத் திணித்து, திரும்பும் வழியைப் பொதுவாக்கினார்கள். பிற்பாடு 3.5 மில்லிமீட்டராகச் சுருங்கி, 1979இல் சோனி வாக்மேனோடு சட்டைப்பைக்குள் போனபோதும் ஏற்பாடு மாறவில்லை.

தொலைபேசிக்காரர்கள் இரண்டு கம்பிக்கு வந்ததும் சும்மா இல்லை. ஆரம்பத்தில் ஒரு கம்பியை மட்டும் இழுத்து, திரும்பும் வழியாக மண்ணையே பயன்படுத்தினார்கள். பக்கத்துத் தந்திக் கம்பிகளும் பின்னர் மின் டிராம்களும் அந்த மண்ணில் இரைச்சலைக் கொட்டின. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு அது கேட்காது. கச்சேரி மேடையில் மைக்கிலிருந்து மிக்சர் வரை ஐம்பது மீட்டர் ஒயர் தரையில் கிடந்தும் ஹம் வராமலிருப்பது இந்தத் தந்திரத்தால்தான்.

ஹெட்போன் ஒயர் மூன்று மீட்டர். அதில் ஓடுவது மைக்கைப்போல மில்லிவோல்ட் அல்ல. ஓட்டுகிற ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) வெளியீட்டுத் தடையும் மிகக் குறைவு. இரைச்சல் ஏற இடமே இல்லை. எனவே "பேலன்ஸ்டு கேபிள் போட்டால் இரைச்சல் அடங்கும்" என்று விளம்பரம் சொல்லும்போது, மைக் ஒயரின் பெருமையை ஹெட்போன் ஒயர் இரவல் வாங்கிக்கொள்கிறது.

பிறகு எதற்கு நான்கு கம்பி? நேர்மையான காரணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, பொது வழியின் நெரிசல். ஒரே கழிவுக்குழாயைப் பங்கிடும் இரண்டு வீடுகளில் மாடியில் வாளியைக் கவிழ்த்தால் கீழ்வீட்டில் தண்ணீர் எட்டிப் பார்ப்பதுபோல, பொதுக் கம்பியின் தடை காரணமாக இடதின் சிறு பங்கு வலதில் கசியும். எவ்வளவு என்பது எளிய வகுத்தல்தான். பொதுப் பகுதியின் தடை 0.1 ஓம், ஹெட்போன் 300 ஓம் என்றால் கசிவு மூவாயிரத்தில் ஒரு பங்கு, சுமார் 70 டெசிபல் கீழே. யாருக்கும் கேட்காது. ஆனால் 16 ஓம் இயர்போனில் இழைபோன்ற பொதுக் கம்பி அரை ஓம் இருந்துவிட்டால் கசிவு முப்பத்திரண்டில் ஒன்று, 30 டெசிபல்தான் கீழே. இதையும் பெரிதுபடுத்த வேண்டியதில்லை: எல்.பி. ரெக்கார்டின் ஊசி இடதையும் வலதையும் பிரிப்பது ஏறக்குறைய இதே அளவில்தான், அதைக் கேட்டு உருகியவர்கள் யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இரண்டாவது காரணம் வலு. பேலன்ஸ்டு ஆம்பில் சுருளின் ஒரு நுனி எர்த்தில் சும்மா உட்கார்ந்திருக்காது. ஒரு நுனியை ஓர் ஆம்ப் மேலே தள்ளும்போது மறு நுனியை இன்னொரு ஆம்ப் கீழே இழுக்கும். வோல்ட் இரட்டிப்பாகிறது, அதே தடையில் திறன் நான்கு மடங்காகிறது. 1 வோல்ட் தரும் கருவி 300 ஓம் ஹெட்போனில் 3.3 மில்லிவாட் தரும் என்றால், 2 வோல்ட் 13 மில்லிவாட் தரும். நான்கு மடங்கு என்றதும் காது கிழியும் என்று பயப்பட வேண்டாம்: அது 6 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். கேபிளை மாற்றியதும் "திரை விலகியது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் கேட்டது இந்த 6 டெசிபலைத்தான். கொஞ்சம் சத்தம் கூடினாலே எந்த ஒலியும் மேலானதாகத் தோன்றும். கடைக்காரர்கள் இதை எப்போதோ அறிந்துவிட்டார்கள். சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேட்டால் திரை பெரும்பாலும் பழைய இடத்திலேயே தொங்கும்.

ஆக, விசேஷம் ஆம்பில் இருக்கிறது; கம்பியில் இல்லை. கம்பியின் வேலை நான்கை நான்காகவே கொண்டுபோய்ச் சேர்ப்பது.

சேர்க்கும் இடத்தில்தான் ஆளுக்கொரு வழி. ஆஸ்திரியாவின் ஏகேஜி நிறுவனம் 1989ஐ ஒட்டிக் கொண்டுவந்த கே1000, காதுக்குப் பக்கத்தில் தொங்கும் குட்டி ஸ்பீக்கர் மாதிரியான ஹெட்போன். ஸ்பீக்கர் ஆம்பில்தான் ஓடும். ஸ்பீக்கர் ஆம்பின் இரண்டு எதிர்முனைகளை நம்பி முடிந்துவிட முடியாது என்பதால் நான்கு கம்பியும் தனித்தனியாக, மேடை மைக் ஒயர்களில் வரும் எக்ஸ்எல்ஆர் இணைப்பானின் நான்கு பின் வடிவில் வந்து முடிந்தன. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹெட்ரூம் நிறுவனம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூன்று பின் எக்ஸ்எல்ஆர் வைத்தது. 2014இல் கொரியாவின் ஆஸ்டெல் அண்ட் கெர்ன் கையடக்கப் பிளேயருக்காக 2.5 மில்லிமீட்டர் நான்கு முனைப் பிளக்கைப் பரப்பியது. சன்னமானது, பையில் அழுந்தினால் ஒடிந்து நுனி சாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அதே 2014இல் சோனியின் பிஹெச்ஏ-3 இரண்டு சாதாரண 3.5 மில்லிமீட்டர் பிளக்குகளைக் கேட்டது. 2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் 7இல் ஹெட்போன் துளையையே அடைத்தது. அதே மாதம் பெர்லின் கண்காட்சியில் சோனி 4.4 மில்லிமீட்டர் என்ற புதுத் துளையுடன் வாக்மேனைக் கொண்டுவந்தது. ஜப்பான் மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டாவின் ஆர்சி-8141சி தரத்தில் அமைந்த இந்தப் பிளக்தான் இன்று ஏறக்குறைய வென்றிருக்கிறது. 2017இல் வந்த சென்ஹைசர் ஹெச்டி 660எஸ் பெட்டியிலேயே 4.4 கேபிள் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த ஹெச்டி 800எஸ் பெட்டியில் நான்கு பின் எக்ஸ்எல்ஆர்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு ஹெட்போன், இரண்டு முனை. அடாப்டர் என்ற பொருளுக்கு வீட்டில் ஒரு மேசை இழுப்பறை ஒதுக்கப்படுவது இப்படித்தான்.

அடாப்டரைக் கடையில் வாங்கலாம். வீட்டில் செய்பவர்கள் பணத்துக்காக மட்டும் செய்வதில்லை. உள்ளே எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது வார்த்து மூடிய அடாப்டரில் தெரியாது. வெளித்தோற்றம் எதையும் சொல்லாது. 4.4 பிளக்கில் நுனியிலிருந்து வரிசையாக இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், கடைசியில் எர்த். 2.5 பிளக்கில் நுனி வலது மைனஸ், அடுத்து வலது பிளஸ், பிறகு இடது பிளஸ், அடியில் இடது மைனஸ். ஏன் இப்படித் தலைகீழ் என்று கேட்டால் தரம் வைத்தவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதைத் தவிரப் பதிலில்லை. நான்கு பின் எக்ஸ்எல்ஆருக்கு ஹெட்போன் உலகில் ஒன்று இடது பிளஸ், இரண்டு இடது மைனஸ், மூன்று வலது பிளஸ், நான்கு வலது மைனஸ். அதே எக்ஸ்எல்ஆர் படப்பிடிப்புத் தளத்தில் கேமராவுக்கு 12 வோல்ட் கொடுக்கும்: ஒன்றில் எர்த், நான்கில் 12 வோல்ட். கேமரா பவர் கேபிளில் ஹெட்போனைத் தவறிச் செருகினால் என்ன ஆகும்? ஒன்று இடதைச் சேர்ந்தது, நான்கு வலதைச் சேர்ந்தது, இரண்டுக்கும் நடுவே தொடர்பில்லை. ஹெட்போன் பிழைத்துக்கொள்ளும். நான்கு கம்பியைப் பிரித்து வைத்ததில் கிடைத்த, யாரும் விளம்பரப்படுத்தாத ஆதாயம் இது.

பொருந்துகிறது என்பதாலேயே சரியாகிவிடாத இடங்களில் மிக மோசமானது வேறொன்று. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

எக்ஸ்எல்ஆர் முனை கொண்ட ஹெட்போனைச் சாதாரண ஆம்பில் போட ஓர் அடாப்டர் செய்கிறார் ஒருவர். ஒரு பக்கம் நான்கு பின் ஃபீமேல், மறுபக்கம் 6.35 பிளக். ஒன்றாம் பின் நுனிக்கு, மூன்றாம் பின் வளையத்துக்கு, இரண்டும் நான்கும் சேர்ந்து அடிப்பகுதிக்கு. இதில் எந்த ஆபத்தும் இல்லை. சாதாரண ஆம்பில் இரண்டு எதிர்முனைகளும் எப்படியும் உள்ளே எர்த்தில் ஒன்றுதான்.

இது நன்றாக வேலை செய்ததும் அடுத்த யோசனை வரும்: இதையே திருப்பிச் செய்தால் என்ன? சாதாரண மூன்று முனை ஹெட்போன் வீட்டில் கிடக்கிறது, பேலன்ஸ்டு ஆம்பில் வலு கூடுதலாக இருக்கிறது. எக்ஸ்எல்ஆர் மேல் பிளக் ஒன்று, 6.35 சாக்கெட் ஒன்று, அதே நான்கு கம்பி. பத்து நிமிட வேலை. அந்த ஹெட்போனின் பிளக்கில் இடது மைனஸும் வலது மைனஸும் ஏற்கெனவே முடியப்பட்டவை. பேலன்ஸ்டு ஆம்பில் அவை எர்த் அல்ல. இரண்டு தனி ஆம்ப்களின் வெளியீடுகள். செருகிய கணத்தில் ஒரு வெளியீடு மறு வெளியீட்டோடு நேராக ஷார்ட் ஆகிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், சூடேறும். காவல் சுற்று இருந்தால் அணையும், இல்லாவிட்டால் கருகும்.

கருகுவதற்குள் ஏமாற்றவும் செய்யும். மோனோவில் பதிவான பழைய பாட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இடதும் வலதும் ஒன்றே என்பதால் இரண்டு எதிர்முனைகளும் ஒன்றாகவே ஏறி இறங்கும். ஷார்ட்டில் மின்சாரம் ஏறக்குறைய ஓடவே ஓடாது. அடாப்டர் பிரமாதமாக வேலை செய்கிறது என்று செய்தவர் மகிழ்ந்துபோவார். இடப்பக்கம் தபலா, வலப்பக்கம் வீணை என்று விரித்துப் பதிந்த ஸ்டீரியோ பாட்டு வரும்போதுதான் வினை.

4.4க்கு மட்டும் ஒரு தப்பும் வழி உண்டு. ஐந்தாவது முனையான எர்த்தைப் பிளேயருக்குள் உண்மையாகவே இணைத்திருந்தால், இரண்டு மைனஸ்களையும் தொடாமல் அந்தரத்தில் விட்டு, நுனி, மூன்றாவது முனை, எர்த் மூன்றை மட்டும் எடுத்துச் சாதாரண ஹெட்போனுக்குக் கொடுக்கலாம். பாதி வோல்ட்தான் கிடைக்கும். எல்லாத் தயாரிப்பாளர்களும் அந்த ஐந்தாவதை இணைப்பதில்லை. மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. நான்கு பின் எக்ஸ்எல்ஆரில் எர்த்துக்கென்று ஒரு பின்னே கிடையாது. ஒருவழி அடாப்டர் ஒருவழியாகவே இருக்க வேண்டியதுதான்.

சரக்கு வாங்கும் படலம் சென்னையில் என்றால் அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ரிச்சி தெரு. சவுண்ட் சர்வீஸ்காரர்களின் புண்ணியத்தில் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் எங்கும் குவிந்திருக்கும். நான்கு பின் கேட்டால் முதலில் மூன்றைத்தான் எடுத்து வைப்பார்கள்.

"அண்ணே, இதுல நாலு பின் வேணும்."

"மைக்குக்குத்தானே தம்பி? மைக்குக்கு மூணுதான் வரும்."

"மைக்குக்கு இல்லண்ணே, ஹெட்போனுக்கு."

"ஹெட்போனுக்கு இவ்ளோ பெருசா?"

நியாயமான கேள்விதான். நான்கு பின் தெருவில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். லீக்டன்ஸ்டைன் நாட்டின் நியூட்ரிக் செய்யும் எக்ஸ்எல்ஆர்தான் பலரின் முதல் தேர்வு, அதைப்போலவே தோற்றமளிக்கும் போலிகளும் சந்தையில் உண்டு.

ஒயருக்கு ஸ்டார் குவாட் என்று கேட்க வேண்டும். ஜப்பானின் மொகாமியும் கனாரேயும் மைக்குக்காகச் செய்பவை. ஒரே உறைக்குள் நான்கு கம்பி முறுக்கியிருக்கும், சுற்றி ஒரு செம்பு வலை. நான்கு கம்பிக்கு நிறம் இரண்டுதான், இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. ஏனென்றால் மைக் வேலையில் ஒரே நிறத்து இரண்டையும் சேர்த்து ஒன்றாகவே முடிவார்கள். ஹெட்போனுக்கோ நான்கும் தனி. நீலம் இரண்டும் குறுக்கே எதிரெதிராக ஓடுபவை, ஆகவே அவை இடதுக்கு, வெள்ளை இரண்டும் வலதுக்கு என்று வைத்துக்கொள்வது முறை. ஆனால் இந்த முனையில் இருக்கும் நீலம் அந்த முனையில் எந்த நீலம்? கண்ணால் சொல்ல முடியாது. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, பீப் சத்தம் வருகிற கம்பியின் இரு நுனியிலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். செம்பு வலையை ஹெட்போன் அடாப்டரில் எதனோடும் சேர்க்காமல் இரு பக்கமும் வெட்டி மூடிவிடலாம்.

அடுத்த பொறி எக்ஸ்எல்ஆரின் பின்புறம். முன்பக்கமிருந்து பார்த்து மனதில் பதித்த பின் வரிசை, ஈயம் வைக்கும் பக்கத்தில் கண்ணாடி பிம்பமாக மாறிவிடும். மேலுக்கும் ஃபீமேலுக்கும் வேறு தலைகீழ். வரைபடத்தை நம்பாமல் பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்திருக்கும் குட்டி எண்ணை நம்புவது நல்லது. கண்ணாடி போட வேண்டிய வயதுக்காரர்கள் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ஈயம் வைக்கும்போது பிளக்கை அதன் ஜோடி சாக்கெட்டில் செருகியே வைப்பதும் தொழில்காரர்களின் பழக்கம். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் சாயாமல் ஜோடி பிடித்துக்கொள்ளும். உபரிச் சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும்.

சால்டரிங் அயன் 25 வாட் சால்ட்ரான் போதும். ஈயத்தில்தான் கொஞ்சம் கவனம். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு கலந்தது 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக இறுகும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 60/40 இறுகும் முன் சற்று நேரம் களிப்பதத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கம்பி அசைந்தால் மேலே பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல ஒரு பரப்பு. டிவி மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வது இதைத்தான். தொட்டால் இணைந்திருக்கும், ஆட்டினால் கரகரக்கும். காரீயம் இல்லாத ஈயம் 217 டிகிரி கேட்கும், 4.4 பிளக்கின் ஐந்து குட்டித் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் அந்தச் சூட்டை விரும்புவதில்லை. கம்பிக்கும் தகடுக்கும் முதலில் தனித்தனியே ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் ஒட்டவைத்து ஒரு நொடி அயனைக் காட்டி எடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக, பிளக்கின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவையும் ஒயரில் கோர்த்துவிட வேண்டும். நான்கு கம்பிக்கும் அழகாக ஈயம் வைத்து முடித்து, ஊதி ஆற்றி, பெருமையோடு நிமிரும்போது மூடி மேசையில் தனியாக உருண்டுகொண்டிருப்பதைப் பார்க்காத ஒருவர் இந்தத் தொழிலில் கிடையாது.

லிட்ஸ் ஒயர் வாங்கியவர்களின் பாடு வேறு. இழை ஒவ்வொன்றின் மேலும் எனாமல் பூச்சு, நடுவே பருத்தி நூல். பூச்சு எரிந்தால்தான் ஈயம் பிடிக்கும். அயன் நுனியில் ஈயத்தை உருட்டி வைத்து அதற்குள் கம்பியை முக்கிப் பிடிக்க வேண்டும், புகை மூக்கில் ஏறும். வெள்ளி முலாம், பின்னல், பருத்தி உறை, மரத்தில் கடைந்த பிரிப்பான் என்று கேபிள் வியாபாரம் நகைக்கடை வாசம் வீசத் தொடங்கி வெகு காலமாகிறது. பின்னிய கேபிள் கழுத்தில் இதமாக விழும், சட்டையில் உரசினால் சத்தம் குறைவாக வரும், பார்க்க அழகு. அந்த மூன்றுக்கும் பணம் கொடுப்பதில் தவறில்லை. நான்காவதாக ஒலியைச் சேர்த்து பில் போடும்போதுதான் இடறுகிறது.

சோதனையை அவசரப்படாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு பின்னும் உரிய முனையோடு சேர்கிறதா என்று பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். எது எதோடு சேரவில்லை என்று பார்ப்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். நான்கு கம்பிக்குள் ஆறு ஜோடி. ஆறும் மௌனமாக இருக்க வேண்டும். பிறகு ஹெட்போனை மாட்டி மீட்டரை ஓம் அளவில் வைத்து இடதின் இரு முனைகளைத் தொட்டால், சென்ஹைசர் ஹெச்டி 600 என்றால் முந்நூறுக்குப் பக்கத்தில் காட்டும். காதிலும் மெல்ல ஒரு 'டிக்' கேட்கும், மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்குச் சுருள் அசைகிறது. இடதைத் தொடும்போது இடது காதில்தான் கேட்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இடது மைனஸுக்கும் வலது மைனஸுக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது.

பிளஸ் மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் ஓம் அளவில் வைத்த மீட்டர் கண்டுபிடிக்காது, காது கண்டுபிடிக்கும். மோனோவில் ஒரு குரல் பாட்டைப் போட்டால், நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டிய குரல் நிற்க இடம் தெரியாமல் தலையைச் சுற்றிப் பரவும், பாஸ் உதிர்ந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறியிருந்தால் காதுக்கும் அநேகமாகத் தெரியாது. அதனால் கெடுதி பெரிதாக இல்லை என்றாலும் எண்களைப் பார்த்துத் திருத்திவிடுவது உத்தமம்.

எல்லா ஹெட்போனும் இந்த வேலைக்கு வழிவிடாது. ஆடியோ-டெக்னிகாவின் ஏடிஹெச்-எம்50எக்ஸ், ஸ்டுடியோவிலும் வீட்டிலும் அதிகம் கண்ணில் படுவது, ஒரு காதின் பக்கம் மட்டுமே கேபிள் வாங்கும். அந்தத் துளையில் மூன்றே முனை. வலது காதுக்கான கம்பி தலைப்பட்டை வழியாகப் போகிறது. மைனஸ்கள் கிண்ணத்துக்குள்ளேயே முடியப்பட்டாயிற்று. வெளியே எவ்வளவு விலையுயர்ந்த நான்கு கம்பி கேபிள் செய்தாலும் பலனில்லை. பிரித்து, துளை போட்டு, உள்ளே புதுக் கம்பி இழுக்க வேண்டும். 32, 38 ஓம் ஹெட்போனுக்கு இன்றைய சாதாரண ஆம்பே போதும் என்கிறபோது அந்த அறுவைச் சிகிச்சைக்கு அவசியமும் இல்லை. ஹெச்டி 600, 650 வகையறாவிலோ ஒவ்வொரு காதுக்கும் தனி இரு பின் கேபிள் கழன்று வரும். பிளக் வரை நான்கு கம்பியும் தனியாகவே வருவதால் பழைய பிளக்கை வெட்டிவிட்டு எக்ஸ்எல்ஆர் வைத்தாலே வேலை முடிந்தது. 1997இல் வந்த ஹெச்டி 600ஐ இன்னும் வீட்டு மேசைகளில் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதன் ஒலி மட்டும் காரணமல்ல.

அடாப்டர்கள் செய்து கை பழகியவர்கள் அநேகமாகக் கடைசியில் செய்வது ஹெட்போனுக்கானதாக இருப்பதில்லை. 4.4 பிளக் ஒரு முனையில், மைக்குக்கு வரும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் இரண்டு மறு முனையில். நுனி இடது எக்ஸ்எல்ஆரின் இரண்டாம் பின்னுக்கு, அடுத்தது மூன்றாம் பின்னுக்கு. மற்ற இரண்டும் அதேபோல வலதுக்கு. இதுவரை வேலையில்லாமல் இருந்த ஐந்தாவது முனை இரண்டின் ஒன்றாம் பின்னுக்கும். சட்டைப்பைப் பிளேயரை நேரே பவர்டு ஸ்பீக்கருக்கோ மேடை மிக்சருக்கோ கொடுக்கலாம். இங்கே ஒயர் நீளமானது, எதிர்முனையில் வித்தியாசத்தைப் பார்க்கும் கருவி இருக்கிறது. இரைச்சல் நிஜமாகவே கழிகிறது. மண்டபத்தில் டிம்மர் விளக்குகள் எரியும்போது சாதாரண 3.5 ஒயருக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்கப் பயிற்சி பெற்ற காது தேவையில்லை.

மிக்சரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் அதே ஒயரில் மேலேறிப் போகும், 48 வோல்ட், இரண்டாம் மூன்றாம் பின்கள் வழியாக. 1966இல் நார்வே வானொலி நிலையத்துக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் செய்த ஏற்பாடு இது. அங்கே அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் சப்ளை ஏற்கெனவே இருந்ததால் அந்த எண் அமைந்தது, உலகத் தரமாகவும் ஆகிவிட்டது. சிறிய மிக்சர்களில் எல்லா மைக் துளைகளுக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான். பாடகரின் மைக்குக்காக அதை யாராவது அழுத்தியிருந்தால் அந்த 48 வோல்ட் பிளேயரின் வெளியீட்டுக்குள் ஏறும். மிக்சரின் லைன் துளை 6.35 பிளக்கை வாங்கும், அங்கே இந்த மின்சாரம் வருவதில்லை. எனவே விவரம் தெரிந்தவர்கள் எக்ஸ்எல்ஆர் இரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டாம் பின்னில் இருந்ததை நுனிக்கும் மூன்றாம் பின்னில் இருந்ததை வளையத்துக்குமாக, மூன்று முனை 6.35 பிளக் இரண்டை ஈயம் வைத்துக்கொள்கிறார்கள்.